குழந்தைக்குக் காய்ச்சல்: எப்போது, எங்கே, எதைக் கையில் கொண்டு செல்வது?

காய்ச்சலுடன் வரும் ஒவ்வொரு குழந்தையின் தாயிடமும் குழந்தைகள் நலப் பிரிவில் நாங்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது? இங்கே வருவதற்கு முன் எங்கெங்கே காட்டினீர்கள்? முதல் கேள்விக்கு விடை உடனே வந்துவிடும். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் தாய்மார்கள் பலர் தயங்குவார்கள். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அந்த அச்சம் வேண்டியதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் இதே கேள்வி உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாரிடம், கடந்த இரண்டு வாரங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா, வந்திருந்தால் ஆலோசனையோ சிகிச்சையோ எங்கே பெற்றீர்கள் என்று நாடு முழுவதும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். காய்ச்சலுற்ற குழந்தை நலம் பெறுவது மருந்தை மட்டும் பொறுத்ததன்று. தாய் எந்த நாளில் புறப்பட்டாள், முதலில் எங்கே சென்றாள், அங்கே என்ன கொடுத்தார்கள் என்பவற்றையும் பொறுத்தது. அந்தப் பாதையைப் பற்றியதே இக்கட்டுரை.

ஐந்து நாள்கள், நான்கு வாசல்கள்

கீழே வருவது ஒரு தனிக் குழந்தையின் வரலாறன்று. ஓசூர் வட்டாரத்தில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பல வரலாறுகளைச் சேர்த்து எழுதியது.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஒற்றை அறை வாடகை வீடு. தந்தைக்கு இரவு ஷிப்ட். தாய்க்குக் காலை ஷிப்ட். திங்கட்கிழமை மாலை மூன்று வயதுக் குழந்தைக்கு உடல் கொதிக்கிறது. அந்த நேரத்தில் அருகில் திறந்திருப்பது மருந்துக்கடை ஒன்றுதான். கடைக்காரர் கொடுத்த திரவ மருந்தால் விடிவதற்குள் சூடு தணிகிறது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுத் தாய் வேலைக்குச் செல்கிறாள். செவ்வாய் இரவு மீண்டும் காய்ச்சல். புதன்கிழமை தந்தை பணிமுடிந்து வந்ததும் எல்லையைக் கடந்து அத்திப்பள்ளியில் தமக்குத் தெரிந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறார். ஓர் ஊசி, பெயர் எழுதாத காகித உறையில் மூன்று வகை மாத்திரைகள். வியாழக்கிழமை ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில், "ஏதோ பார்வை பட்டிருக்கிறது" என்கிறார். மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை உடல் குளிர்ந்திருக்கிறது. வீட்டில் அனைவருக்கும் நிம்மதி. தாய் வேலைக்குச் செல்கிறாள். மாலையில் திரும்பி வந்து பார்த்தால், குழந்தை துவண்டு கிடக்கிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, பாதங்கள் சில்லிட்டிருக்கின்றன. அன்றிரவு மருத்துவமனைக்கு வரும்போது நாடித்துடிப்பு கைக்கு அகப்படாத அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. டெங்குக் காய்ச்சலின் அதிர்ச்சி நிலை அது.

இத்தகைய குழந்தைகளை உரிய நேரத்தில் அளவோடு நீரேற்றிப் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடிகிறது. சில மணி நேரம் பிந்தினால் முடியாமலும் போகிறது.

இந்தத் தாய் ஒரு நாளும் வாளாவிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து நாள்களில் நான்கு வாசல்களை அவள் மிதித்திருக்கிறாள். ஒவ்வொரு முடிவுக்கும் அவளிடம் நியாயம் இருந்தது. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியும் வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் வரிசை நீளும். சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை பல வீடுகளில் இளம் தாய்க்கு இல்லை. ஆகவே அவளைக் குறை கூறுவது எளிது; பயனற்றது.

1994ஆம் ஆண்டில் செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்னும் இரு ஆய்வாளர்கள் பேறுகால இறப்புகளை ஆராய்ந்து, மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டினார்கள். சிகிச்சை தேவை என்று முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். குழந்தைகளின் காய்ச்சலுக்கும் இது அப்படியே பொருந்தும். மூன்றாவது தாமதத்துக்கு மருத்துவமனைகளாகிய நாங்களே பொறுப்பு. முதல் இரண்டையும் குறைப்பதற்குத் தாய்மார்களுக்கு மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்: உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள் எவை, காய்ச்சல் தணியும் நாளில் எதைக் கவனிப்பது, எந்த வாசலுக்குச் சென்றாலும் எதைக் கையில் கொண்டு செல்வது.

முதற்பாடம்: எண்ணைப் பார்க்கும் முன் குழந்தையைப் பாருங்கள்

காய்ச்சல் ஒரு நோயன்று. உடலுக்குள் புகுந்த கிருமியை எதிர்க்கும்போது உடல் தன் வெப்பநிலையைத் தானே உயர்த்திக்கொள்கிறது. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது காய்ச்சல் உண்டா என ஐயுறுவதற்கு உதவும். அளவை அறிய உதவாது. ஒரு டிஜிட்டல் வெப்பமானியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அக்குளில் வைத்துப் பார்க்கையில் 99.5 டிகிரி பாரன்ஹீட், அதாவது 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் எனக் கொள்ளலாம்.

ஆனால் 103 டிகிரி காய்ச்சலிலும் மருந்து கொடுத்த பின் எழுந்து விளையாடும் குழந்தை உண்டு. 100 டிகிரியிலேயே உயிருக்குப் போராடும் குழந்தையும் உண்டு. எனவே வெப்பமானியின் எண் மட்டும் அவசரத்தைத் தீர்மானிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் வகுத்து, நம் நாடும் தன் தேவைக்கேற்ப ஏற்றுக்கொண்ட குழந்தை நோய் மேலாண்மை வழிமுறையில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நான்கு பொதுவான அபாய அறிகுறிகள் கூறப்படுகின்றன:

1. தாய்ப்பாலோ நீரோ குடிக்க இயலாமை.
2. உட்கொள்வது அனைத்தையும் வாந்தி எடுத்தல்.
3. வலிப்பு.
4. எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம் அல்லது அளவுமீறிய சோர்வு.

இவற்றுள் ஒன்று இருந்தாலும் அது இரவானாலும் விடுமுறை நாளானாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இவற்றுடன் கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத செந்நிற அல்லது ஊதாநிறப் புள்ளிகள், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சை எண்ணுவதற்குத் தாய்க்கு எந்தக் கருவியும் வேண்டாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் அவசரம் இன்னும் மிகுதி.

மூன்று மாதத்திற்குட்பட்ட பச்சிளங்குழந்தைக்குத் தனி விதி. காய்ச்சல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், அன்றே, அப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் இக்குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கக் கூடாது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களில் கம்பளியும் குல்லாயுமாகக் குழந்தையை இறுகப் போர்த்திவிடுகிறோம். அதனாலும் பச்சிளங்குழந்தையின் உடல் சுடும். போர்வையை விலக்கிச் சிறிது நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் சுட்டால் புறப்படுங்கள்.

வீட்டில் கொடுக்கும் மருந்து

பாராசிட்டமால் வயதைப் பார்த்து அன்று, எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரு வேளைகளுக்கு இடையே ஆறு மணி நேரம். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மிகாமல். கணக்கு எளிது. ஆபத்து பாட்டிலில் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு உச்ச அளவு 150 மில்லிகிராம். சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லி. 125 சிரப்பில் ஆறு மில்லி. 250 சிரப்பில் மூன்று மில்லி. "சென்ற முறை ஐந்து மில்லி கொடுத்தோமே" என்று சொட்டு மருந்தில் ஐந்து மில்லி கொடுத்தால், உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். அதை ஒரு நாளில் பலமுறை கொடுத்தால் கல்லீரல் சிதையும். ஆகவே மருந்தின் பெயரையும் ஐந்து மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இரு கடைகளில் இரு வணிகப் பெயர்களில் வாங்கிய மருந்துகள் இரண்டுமே பாராசிட்டமாலாக இருக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. 12 வயதுக்குட்பட்டோருக்கு நிமசுலைடு கொடுப்பதை இந்திய அரசு 2011ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. டெங்குவோ என்ற ஐயம் உள்ள காலங்களில் ஐபுபுரூஃபனும் மெஃபனமிக் அமிலமும் இரத்தக்கசிவை மிகுவிக்கும். இருமல் மருந்தும் குழந்தைகளுக்கு எளிய பொருளன்று. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், நச்சுப்பொருள் கலந்த இருமல் சிரப்பால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் பலர் இறந்தனர். அதைத் தொடர்ந்து, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கலாகாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை ஏற்றவை அல்ல என்றும் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

"ஊசி போட்டால்தான் குணமாகும்" என்பது பரவலான நம்பிக்கை. குழந்தைகளின் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் வைரசே காரணம். அதற்கு ஆன்டிபயாட்டிக் ஊசியால் பயனில்லை. ஸ்டீராய்டு கலந்த ஊசியோ மாத்திரையோ காய்ச்சலைச் சில மணி நேரம் அடக்கிக் காட்டும். உள்ளே நோய் வளர்வது வெளியே தெரியாமல் போகும். ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மருத்துவரை நாமாகக் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் கொடுக்க வேண்டியவற்றுள் முதன்மையானது நீர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி தாய்ப்பால். பெரிய குழந்தைக்குக் கஞ்சி, இளநீர், மோர், உப்புச்சர்க்கரைக் கரைசல். மெல்லிய பருத்தி ஆடை போதும். உடலைத் துடைப்பதானால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். பனிக்கட்டி நீர் நடுக்கத்தை உண்டாக்கி வெப்பத்தை மேலும் ஏற்றும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வரலாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ நீரோ வைக்காதீர்கள். கையில் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108ஐ அழையுங்கள். விரைவில் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கயிறு கட்டுவதாலும் வேப்பிலையால் தடவுவதாலும் குழந்தைக்குத் தீங்கு நேர்வதில்லை. அதற்காகக் காத்திருக்கும் நேரமே தீங்கு. செல்லும் வழியில் கயிறு கட்டிக்கொள்ளலாம். கயிறு கட்டிவிட்டுப் பலனுக்குக் காத்திருத்தல் ஆகாது. ஆனால் உரம் எடுத்தல், தொக்கம் எடுத்தல், சூடு போடுதல் ஆகியவை நேரடியாகவே ஊறு செய்பவை. அவற்றைச் செய்ய எவரையும் அனுமதிக்காதீர்கள். உடலில் தடிப்புடன் காய்ச்சல் வந்தால் "அம்மை போட்டிருக்கிறது, மருந்து கூடாது" என்று வீட்டுக்குள்ளேயே வைத்துவிடும் வழக்கமும் உண்டு. தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அம்மனை வணங்குவதும் மருத்துவரிடம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இரண்டாம் பாடம்: காய்ச்சல் தணியும் நாள்

மேலே கண்ட வரலாற்றில் எல்லாரும் நிம்மதியடைந்த நாள் வெள்ளிக்கிழமை. உண்மையில் ஆபத்து தொடங்கியதும் அன்றுதான்.

டெங்குவில் முதல் இரண்டு, மூன்று நாள்கள் கடுங்காய்ச்சல் இருக்கும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும். அப்போது சில குழந்தைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரத் தொடங்குகிறது. குழாய்களுக்குள் இரத்தம் கெட்டிப்பட்டு, ஓட்டம் குறைந்து, கை கால்கள் சில்லிடுகின்றன. இந்தக் கசிவு ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் குழந்தை தேறிவிடும். உடல் குளிர்ந்ததைக் குணமடைந்ததாக எண்ணி வேலைக்குச் செல்லும் தாய்க்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாரேனும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

காய்ச்சல் நின்ற பின் இரண்டு நாள்கள் குழந்தையைக் கண்காணியுங்கள். விடுப்பு ஒரு நாள்தான் எடுக்க முடியும் என்றால், காய்ச்சல் தணிந்த நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், கறுத்த மலம், சில்லிட்ட கை கால், சிறுநீர் குறைதல், காரணமின்றி நச்சரித்து அழுதல் அல்லது துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே புறப்படுங்கள். அரசுக் கணக்கின்படி 2017ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. 65 பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர் என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது.

நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச்சாறோ கொடுப்பவர்கள், அதைக் கொடுத்துவிட்டதால் கண்காணிப்பை நிறுத்திவிடக் கூடாது. தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டு அஞ்சவும் வேண்டாம், தெளியவும் வேண்டாம். குழந்தை குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பவை தட்டணு எண்ணிக்கைக்கு இணையான தகவல்கள்.

காய்ச்சல் மூன்று நாள்களைக் கடந்தால், குழந்தை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மருத்துவரைக் கண்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்போது சென்ற ஒரு மாதத்தில் குழந்தை எங்கெங்கே இருந்தது என்பதைச் சொல்லுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களுக்குச் சென்று திரும்பிய குழந்தைக்கு மலேரியாவையும் நாங்கள் நினைக்க வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி போன்ற புதர்க்காடு ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் குழந்தைக்கு உண்ணிக் காய்ச்சலையும் கருத வேண்டும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தீச்சுட்ட வடுவைப் போன்ற கரிய பொருக்கு இருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பாருங்கள். உரிய மருந்து கொடுத்தால் அக்காய்ச்சல் விரைவில் அடங்கும். கண்டுபிடிக்காமல் விட்டால் உறுப்புகளைத் தாக்கும்.

மூன்றாம் பாடம்: எங்கே செல்வது, எதைக் கொண்டு செல்வது

ஓசூரில் வாழ்பவர்களுக்கு வாசல்கள் பல. கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், மாலை வேளையிலும் இயங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையம், அரசு மருத்துவமனை, ஈ.எஸ்.ஐ. மருந்தகம், தனியார் கிளினிக்குகள். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, ஆனேக்கல், பெங்களூரு. வாசல்கள் பல இருப்பது நன்மையே. ஒவ்வொரு வாசலிலும் கதையை முதலிலிருந்து தொடங்குவதுதான் குறை.

அபாய அறிகுறி எதுவும் இல்லாத காய்ச்சலுக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ நலவாழ்வு மையமோ போதும். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளரின் குழந்தைகளும் அத்திட்டத்தில் சிகிச்சை பெற உரிமையுடையவர்கள். அட்டையைத் தந்தையின் பையிலேயே விட்டுவிடாமல் வீட்டில் ஒரு படி வைத்திருங்கள். பிற மாநிலத்திலிருந்து வந்தவர்கள் ரேஷன் அட்டை இல்லையே என்று அரசு மருத்துவமனைக்கு வரத் தயங்க வேண்டாம். தமிழ் தெரியாவிட்டால், தெரிந்த ஓர் அண்டை வீட்டாரை உடன் அழைத்து வாருங்கள். தெலுங்கும் கன்னடமும் உருதும் இவ்வட்டாரத்தில் வீட்டு மொழிகள். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் இன்று தொழிற்பேட்டைத் தெருக்களில் கேட்கின்றன. வலிப்பைப் பற்றித் தாய் சொல்வது மருத்துவருக்குப் புரியாமல் போவது பெரும் இழப்பு.

அபாய அறிகுறி இருந்தால் சிறிய வாசல்களில் நேரத்தைக் கழிக்காமல், குழந்தைகளை உள்நோயாளராகச் சேர்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். 108 என்ற எண் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒன்றே. எல்லையோரத்தில் வாழ்பவர்கள் அழைத்தவுடன் எந்த மாநிலம், எந்த ஊர், அருகில் என்ன கட்டடம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். அவசரமில்லாத ஐயங்களுக்கு 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

எந்த வாசலுக்குச் சென்றாலும் ஒரு தாள் கையில் இருக்கட்டும். பள்ளி நோட்டுப்புத்தகத்தின் ஒரு பக்கம் போதும். அதில் எழுத வேண்டியவை:

1. குழந்தையின் வயது, எடை, ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா என்பது.
2. காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும். அதுவே முதல் நாள்.
3. அளந்த ஒவ்வொரு முறையும் நேரமும் அளவும்.
4. கொடுத்த மருந்தின் பெயர், செறிவு, மில்லி அளவு, நேரம்.
5. ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எத்தனை முறை வாந்தி எடுத்தது.
6. காட்டிய இடங்கள், போட்ட ஊசி, எடுத்த பரிசோதனை.

எழுதப் படிக்க இயலாதவர்கள் கோடு போட்டு எண்ணலாம். மருந்துப் பாட்டில்களையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அப்படியே கொண்டுவரலாம். பெயரில்லாத உறையில் மாத்திரை கொடுத்தால், "இதன் பெயரை எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தடுப்பூசி அட்டையையும் தாளோடு வையுங்கள். தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒன்றாகவே தொடங்கியது. தடுப்பூசிக்கு எல்லை இல்லை. அங்கே போட்டதை இங்கே தொடரலாம், அட்டை இருந்தால்.

தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டுகளில் வேலை செய்யும் வீடுகளில் இத்தாள் இன்னொரு வகையிலும் உதவும். தாய் இரவு பத்து மணிக்குக் கொடுத்த மருந்தைத் தந்தை பதினொரு மணிக்கு மீண்டும் கொடுக்காமல் அது காக்கும். பக்கத்து வீட்டாரிடம் குழந்தையை விட்டுச் செல்லும்போது தாளையும் கொடுத்து, நான்கு அபாய அறிகுறிகளையும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். குழந்தை நலமாக இருக்கும் நாளிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: அபாய அறிகுறி தோன்றினால், தாய் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் புறப்படலாம். தந்தையரும் மாமியாரும் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல். யார் உடனே புறப்பட வேண்டும்?

முதற்குழந்தை: இரண்டு மாதம். காய்ச்சல் 100.6. பால் குடிக்கிறது.
இரண்டாம் குழந்தை: மூன்று வயது. நேற்று மாலை முதல் 103. மருந்து கொடுத்ததும் எழுந்து விளையாடுகிறது, நீர் குடிக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு 30.
மூன்றாம் குழந்தை: ஐந்து வயது. நான்கு நாள் காய்ச்சல் இன்று காலை நின்றுவிட்டது. வயிறு வலிக்கிறது என்கிறது. இரண்டு முறை வாந்தி.

விடை: முதற்குழந்தையும் மூன்றாம் குழந்தையும் உடனே புறப்பட வேண்டியவர்கள். முதற்குழந்தைக்கு வயதே காரணம். மூன்றாம் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாததே நம்மை ஏமாற்றுகிறது. வெப்பமானியில் மிக உயர்ந்த எண்ணைக் காட்டிய இரண்டாம் குழந்தை இன்று வீட்டில் இருக்கலாம். தாளில் எழுதிக்கொண்டே கவனியுங்கள், மூன்றாம் நாளும் நீடித்தால் காட்டுங்கள்.

மேலே சொன்ன வரலாற்றை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அதே ஒற்றை அறை வீடு, அதே ஷிப்டுகள். புதன்கிழமை மருத்துவரிடம் தாள் இருந்திருந்தால், மூன்றாம் நாள் என்பது தெரிந்து இரத்தப் பரிசோதனை நடந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலை உடல் குளிர்ந்தபோது, தாய் அன்றைய விடுப்பை எடுத்திருப்பாள். வயிற்று வலி தொடங்கிய ஒரு மணி நேரத்தில் குழந்தை மருத்துவமனையில் இருந்திருக்கும்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று எங்கள் பிரிவுக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். எங்கெங்கே காட்டினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதியிருங்கள். நாங்கள் முதலில் படிப்பது அதைத்தான்.